மார்ச்சா, ஜூனா, டிசம்பரா? மின்சார மலைச் சைக்கிளுக்கு ஒரு விடுமுறை

சிங்கப்பூரில் எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியை ஒருத்தி போன மாதம் ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நானும் அவரும் மின்சார மலைச் சைக்கிள் வாங்கலாம்னு இருக்கோம். ஆளுக்கு ஆறாயிரம் வெள்ளி ஆகும் போல. வாங்கலாமா?" என்று கேட்டாள். "வாங்காதே" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. ஏன் அப்படிச் சொன்னேன், அந்தக் காசை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

நான் ஈசூனில் இருக்கிறேன். சைக்கிள் பழக்கம் என் தம்பியால் வந்தது. என்னைவிட ஆறு வயது சின்னவன், காலில் நல்ல பலம். எந்த மேட்டில் ஏறினாலும் அவன் மேலே போய் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, படமும் எடுத்து முடித்த பிறகுதான் நான் போய்ச் சேருவேன். நான் காலை ஊன்றியதும் "சரிக்கா, போலாமா?" என்பான். அவனுக்கு ஓய்வு முடிந்திருக்கும், எனக்கு இன்னும் தொடங்கியிருக்காது. பல வருடம் இப்படித்தான் ஓடியது. வெளிநாட்டில் முதல்முறையாக இருவரும் மின்சைக்கிளில் ஏறிய அன்றுதான் ஒரு மலையைப் பேசிக்கொண்டே ஏறினோம். அம்மாவைப் பற்றி, அவன் வேலையைப் பற்றி, சின்ன வயதில் இருந்த வீட்டைப் பற்றி. அக்கா தம்பி அப்படிப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே எனக்கு இந்த வண்டியின் மேல் இவ்வளவு பிரியம்.

அப்படியிருந்தும் ஏன் வாங்காதே என்றேன்?

சிங்கப்பூரில் மின்சைக்கிளுக்குத் தெளிவான இலக்கணம் இருக்கிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டைத் தாண்டக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வந்ததும் மோட்டார் உதவுவதை நிறுத்திவிட வேண்டும். மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும்; கைப்பிடியை முறுக்கி ஓட்டும் வண்டிக்கு இடமே இல்லை. வண்டி இஎன் 15194 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரையும் பதிவு எண்ணும் வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், 2022 முதல் கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடியதுதான். மாட்டிக்கொள்ளும் இடம் எடை. வண்டி 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்னும் பின்னும் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன், பெரிய பேட்டரி, தடித்த டயர் என்று நாம் படங்களில் பார்த்து ஆசைப்படும் மலை வண்டிகள் பெரும்பாலும் 22 முதல் 25 கிலோ இருக்கும். எடை குறைந்த வண்டிகளும் உண்டு. ஆனால் அந்த ரகத்துக்கு இங்கே அனுமதி கிடைத்திருக்க வேண்டுமே!

அப்படியே ஒன்றை வாங்கிவிட்டாலும் எங்கே ஓட்டுவது? மின்சைக்கிளுக்குச் சட்டம் தரும் இடம் சாலையும் சைக்கிள் பாதையும் மட்டும்தான். பூங்கா இணைப்புப் பாதைகளில் போகலாம். செஸ்ட்நட் மண் தடத்திலோ புக்கிட் தீமா தடத்திலோ ஏற முடியாது. மலைக்கென்று செய்த வண்டியை வாங்கி, தார்ச் சாலையில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஓட்டுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் தெரியவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. நீங்களும் வண்டியும் பையும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 270 வாட் மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரில் வீணாகும் வெப்பம், மண்ணின் உராய்வு எல்லாம் அதற்கு மேல். அதில் ஒரு பங்கை உங்கள் கால் கொடுத்துவிடும். எனவே 625 வாட் மணி பேட்டரி உள்ள வண்டியில் உதவியை அளவாக வைத்துக்கொண்டால் ஒரே நாளில் 1,500 மீட்டர் ஏறலாம். நம்முடைய மிக உயரமான குன்று புக்கிட் தீமா, 163 மீட்டர். ஒன்பது முறை உச்சிக்கு ஏறினாலும் அந்த பேட்டரி தீராது. இவ்வளவு சின்ன மேட்டுக்கு அவ்வளவு பெரிய மோட்டார் தேவையே இல்லை.

சொந்த வண்டியை விமானத்தில் எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மலை வண்டியின் பேட்டரி பெரும்பாலும் 500 வாட் மணிக்கு மேல்தான் இருக்கும். ஆக, எங்கே போனாலும் அங்கே வாடகைக்கு எடுப்பதுதான் வழி. ஐரோப்பாவில் நல்ல வண்டிக்கு நாள் வாடகை நம் காசில் ஏறக்குறைய நூறு வெள்ளி வரும். ஆறாயிரம் வெள்ளியில் அறுபது நாள் ஓட்டலாம். வருடத்துக்கு ஆறு நாள் என்றால் பத்து வருடத்துக்குக் காணும். வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டு, கண் மூடாமல் பக்கத்திலேயே காத்திருக்கவும் வேண்டாம்.

அப்போது இங்கே சும்மா இருப்பதா? அதுதான் இல்லை. இங்கே மோட்டார் இல்லாத சாதாரண மலைச் சைக்கிள் ஒன்று வேண்டும். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் எட்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சைக்கிளுக்கென்றே தடம் போட்டிருக்கிறார்கள். நடப்பவர்களுக்குத் தனிப் பாதை இருப்பதால் யார் மேலும் மோதிவிடுவோமோ என்ற பயம் இல்லை. சாங்கியில் படகு ஏறி புலாவ் உபின் தீவுக்குப் போனால் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. அங்கே சில இறக்கங்கள் கண்ணைக் கட்டும். இடிமின்னலை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடத்தில் 170 நாள் போல இடி இடிக்கும் ஊர் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில்தான் அது பெரும்பாலும் வரும். காலை ஏழு மணிக்கு இறங்கி பத்து மணிக்குள் வெளியே வந்துவிட்டால் நல்லது. பெருமழை பெய்த மறுநாள் போகாதீர்கள். களிமண்ணில் டயர் வழுக்குவது ஒருபக்கம், தடமே குழி குழியாகி அடுத்தவர்களுக்குக் கெட்டுப்போகும்.

இந்த இறக்கப் பயிற்சியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதை நான் வலித்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல்முறை இத்தாலியின் டோலமைட் மலைக்குப் போனபோது மோட்டார் என்னைத் தூக்கிக்கொண்டு போய் 2,200 மீட்டரில் விட்டது. மேலே போகும்வரை சொர்க்கம்தான். கீழே பார்த்தேன். சரளைக் கல், கூர்மையான திருப்பங்கள், பக்கத்தில் பள்ளம். 24 கிலோ வண்டி என்னை முன்னால் தள்ளியது. இடைவிடாமல் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின, பிரேக் தட்டு சூடேறி வாடை வந்தது. கடைசி முந்நூறு மீட்டர் உயரத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். மேலே தள்ளிப் போக மோட்டார் உதவும், கீழே இறங்க உதவாது. தம்பி ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் கூடவே நடந்து வந்தான்.

மோட்டார் ஏற்றிவிடும், இறக்கிவிடாது. மின்சைக்கிள் இல்லாத காலத்தில் ஒரு மலையில் ஏறும் பலம் வருவதற்கே இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்குள் இறங்கும் பழக்கமும் தானாக வந்துவிடும். இப்போது முதல் நாளே உச்சிக்குப் போய்விடுகிறோம். அதனால் எந்த ஊர், எந்தப் பருவம் என்று முடிவு செய்யும்போது "என்னால் ஏற முடியுமா?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. "அங்கே இறக்கம் எப்படி, அந்த மாதத்தில் அந்த மண் எப்படி இருக்கும்?" என்பதைத்தான் கேட்க வேண்டும். கீழே சொல்லும் இடங்களையும் நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

நம் காலண்டர் பள்ளி விடுமுறையைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஆசிரியர்களுக்கும் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நாலு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் கடைசிவரை ஆறு வாரம். இதற்குள்தான் எல்லாம்.

ஜூன் மாதத்துக்கு டோலமைட்டை அடிக்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கிருந்து மிலானுக்கு நேரடி விமானம், சுமார் 13 மணி நேரம். அங்கிருந்து காரில் நாலு மணி நேரத்தில் வால் கார்டேனா பள்ளத்தாக்கு. முதல் வாரத்தில் போகாதீர்கள். உயரமான கணவாய்களின் நிழல் பக்கங்களில் பனி கிடக்கும், சைக்கிளை மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பிவட லிஃப்டுகள் பலவும் ஜூன் நடுவில்தான் திறக்கும். கடைசி இரண்டு வாரம் சரியான காலம். பனி உருகிய ஈரத்தில் புல்வெளி முழுக்கப் பூத்திருக்கும். இருட்டுவதற்கு இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஏழு மணிக்கு மக்ரிப் தொழுகை நேரம் நெருங்கி விளக்குப் போடும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த நீண்ட மாலை ஒரு பரிசு.

அங்கே இரண்டு விதமான நிலம் அடுத்தடுத்து இருக்கிறது, அதுதான் அதன் அழகு. ஒன்று, ஆல்ப்பே டி சியூசி. 56 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டுப் புல்வெளி, ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,680 முதல் 2,350 மீட்டர் வரை அலை அலையாகப் போகும். அகலமான மண் பாதைகள், மெதுவான இறக்கங்கள், மாடுகளின் மணிச்சத்தம், நடுநடுவே சாப்பாட்டு விடுதிகள். பல விடுதிகளில் நாம் சாப்பிடும் நேரத்தில் பேட்டரியும் சார்ஜ் ஆகும். சிங்கப்பூரிலிருந்து நேராக வந்து இறங்கியவர்கள் முதல் மூன்று நாள் இங்கேயே இருக்கலாம். மற்றது, செல்லா மலைத்தொகுதியைச் சுற்றி வரும் பாதை. கார்டேனா, செல்லா, போர்தோய், காம்போலோங்கோ என்று நாலு கணவாய்கள், ஒரே நாளில் 60 கிலோமீட்டர் அளவு. போர்தோய் மட்டும் 2,239 மீட்டர். லிஃப்டுகளின் உதவியோடு ஏறினாலும் இறக்கத்தை உங்கள் கைதான் பார்த்தாக வேண்டும். என்னைத் தள்ளிக்கொண்டு இறங்க வைத்தது இந்தப் பக்கம்தான். இரண்டாம் முறை போவதற்கு முன்னால் ஒரு வருடம் செஸ்ட்நட்டில் சனிக்கிழமை தவறாமல் இறங்கிப் பழகினேன். அந்த முறை முழுச் சுற்றையும் காலை ஊன்றாமல் முடித்தேன். மாலை விடுதிக்கு வந்ததும் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

டோலமைட்டில் கவனிக்க இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, கோடைப் பிற்பகல்களில் இடிமழை வரும். காலை எட்டு மணிக்கே கிளம்பி இரண்டு மணிக்குள் உயரத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும். இது நமக்கு ஊரில் பழகிய கணக்குதான். இரண்டாவது, பிரேக். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது கைப்பிடி முன் சக்கரத்துக்கு, வலது கைப்பிடி பின் சக்கரத்துக்கு. நியூசிலாந்தில் இது தலைகீழ். வாடகைக் கடையைவிட்டுக் கிளம்புவதற்கு முன் மெதுவாக உருட்டி இரண்டையும் பிடித்துப் பாருங்கள். செங்குத்தான இடத்தில் தவறான கையை இறுக்கினால் தலைகுப்புறத்தான் விழுவோம். உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2,200 மீட்டரில் காற்று மெலிந்திருப்பதால் முதல் நாள் நமக்கு மூச்சு இரைக்கும். பெட்ரோல் வண்டிக்கும் சக்தி குறையும். மின் மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அது கீழே இழுத்த மாதிரியே இழுக்கும். கடற்கரை மட்டத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

வருடக் கடைசி விடுமுறைக்கு வருவோம். அப்போது ஐரோப்பாவில் குளிர்காலம், பாலியில் மழை, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. தெற்கே பார்த்தால் நியூசிலாந்தில் கோடை தொடங்கும். அங்கே டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்துகொண்டு விடுதியும் வண்டியும் கிடைப்பது கஷ்டம். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் பாதிவரை போகலாம்.

அங்கேயும் இரண்டு வகை. தென்தீவில் மத்திய ஒட்டாகோ ரயில் தடம். கிளைட் ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். ரயில் ஓடிய பழைய பாதையை, தண்டவாளத்தை எடுத்துவிட்டு 2000ஆம் ஆண்டில் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். ரயில் ஏறக்கூடிய சரிவைத் தாண்டி அதில் எந்த மேடும் கிடையாது. அப்படியானால் இறக்கமும் அவ்வளவுதான். சுரங்கம், கல் பாலம், நாலு பக்கமும் வறண்ட பழுப்பு மலை, நடுவே சின்னச் சின்ன ஊர்கள். மூன்று நாலு நாளில் நிதானமாக முடிக்கலாம். அங்கே மோட்டார் எதற்கு என்று தம்பி கேட்டான். முதல் நாள் பிற்பகலில் வடமேற்குக் காற்று எதிரே வீச ஆரம்பித்ததும் கேட்பதை நிறுத்திவிட்டான். மத்திய ஒட்டாகோவில் மலையைவிடக் காற்றுதான் ஏற்றம். அந்தப் பருவத்தில் கிளைட், அலெக்சாண்ட்ரா பக்கத்துப் பாறைச் சரிவுகளில் காட்டுத் தைம் செடி ஊதாவாகப் பூத்திருக்கும். டயர் ஏறினால் மணக்கும், நம் வீட்டில் ஓமம் வறுத்த வாசனை போல. வெயிலை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தெரியாது. இங்கே வருடம் முழுக்க வெயிலில் திரியும் எனக்கே ஒரே நாளில் கழுத்து உரிந்துவிட்டது.

அதே பக்கத்தில் டன்ஸ்டன் ஏரித் தடமும் இருக்கிறது. 2021இல் திறந்தார்கள். குரோம்வெல்லிலிருந்து கிளைட் வரை போகும். சில இடங்களில் செங்குத்துப் பாறையில் இரும்பு அடித்துத் தண்ணீருக்கு மேலே பலகைப் பாதை தொங்கவிட்டிருக்கிறார்கள். ரயில் தடத்தில் இரண்டு நாள் ஓட்டிக் கை பழகியவர்கள் மூன்றாம் நாள் இதில் ஏறலாம்.

மற்ற வகை, வடதீவின் ரோட்டோருவா. வாக்காரேவாரேவா காட்டில் சைக்கிளுக்கென்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தடம் பின்னியிருக்கிறார்கள். 1901இல் நட்ட கலிஃபோர்னியச் செம்மரங்கள் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு நிற்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது அந்த மண். எரிமலை துப்பிய நுரைக்கல் மண் அது. மழைநீர் தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். இரவெல்லாம் மழை பெய்தாலும் காலையில் டயர் பிடிக்கும். புக்கிட் தீமாவின் களிமண்ணில் வழுக்கி முட்டி தேய்ந்த எனக்கு அது ஒரு அதிசயமாகவே தெரிந்தது. தடங்களுக்கு எளிது, நடுத்தரம், கடினம் என்று நிறம் போட்டிருப்பதால், ஒரே காட்டுக்குள் நான் பச்சையிலும் தம்பி கறுப்பிலும் இறங்கி அடிவாரத்தில் சேர்ந்துகொண்டோம். குடும்பத்தில் ஒவ்வொருவர் கைப்பழக்கமும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் ரோட்டோருவாவைத்தான் சொல்வேன். வண்டியை அங்கேயே எடுத்தாலும் காலணி நம்முடையதுதானே. அதில் செஸ்ட்நட் மண் ஒட்டியிருந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். கழுவிக் காயவைத்து, படிவத்திலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மார்ச் மாதத்து ஒரு வாரத்தில் மனம் போவது நீலகிரிக்குத்தான். கோயம்புத்தூருக்கு நேரடி விமானம், நாலரை மணி நேரம். மேட்டுப்பாளையத்தில் காலைச் சிற்றுண்டி, மதியத்துக்குள் கோத்தகிரி. மாசி, பங்குனியில் வானம் தெளிவாக இருக்கும், தடம் காய்ந்திருக்கும். குன்னூரிலிருந்து டால்ஃபின் நோஸ் காட்சிமுனை வரை தேயிலைக்கு நடுவே போகும் சாலையில் காலை ஆறு மணிக்கு இருந்தால், பள்ளத்தாக்கில் பஞ்சு மாதிரி மேகம் கிடக்கும். வழியில் டீக்கடையில் யாராவது "எந்த ஊரு?" என்று தமிழில் கேட்பார்கள். ஆல்ப்ஸ் மலையில் இது கிடைக்குமா? எனக்கு அந்த ஒரு கேள்விக்கே மனம் நிறைந்துவிடும்.

ஆனால் மின்சார மலைச் சைக்கிளுக்கு நீலகிரி இன்னும் தயாராகவில்லை. டோலமைட்டிலும் ரோட்டோருவாவிலும் தெருவுக்குத் தெரு கிடைக்கும் வாடகை வண்டியை இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. நான் போனபோது கோவையில் இருக்கும் சொந்தக்காரப் பையனின் வண்டியைக் கடன் வாங்கினேன். இந்தியாவில் 250 வாட், 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் உரிமமும் தேவையில்லை என்பது ஒரு வசதி. அந்த வண்டியின் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவில் இருந்தது. மலைக்கென்று செய்த வண்டியில் மோட்டார் பெடலுக்கு நடுவில் இருக்கும், கியர் வழியாகச் சக்தி போகும். செங்குத்தில் சின்ன கியர் போட்டால் மோட்டாரும் இலகுவாகச் சுற்றும். சக்கரத்தில் இருக்கும் மோட்டாருக்குக் கியரின் உதவி கிடையாது. மெதுவாக ஏறும்போது திணறிச் சூடாகும். கோத்தகிரி மேட்டில் இரண்டு முறை நிறுத்தி அதை ஆறவிட்டுத்தான் ஏறினேன். சமவெளிக்கு நல்ல வண்டிதான், மலை அதன் வேலை இல்லை.

தடமும் யோசிக்க வேண்டியது. சோலைக்காட்டுக்குள் சைக்கிளை விட நினைக்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட கொடுமை நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதே மார்ச் மாதம்தான் இது. வனத்துறை அனுமதி இல்லாத காட்டுப் பாதை எதிலும் இறங்காதீர்கள். ஊர்ச் சாலை, எஸ்டேட்காரர்களிடம் கேட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டப் பாதை, அவ்வளவுதான். காலையிலும் அந்தியிலும் தோட்டத்துக்குள் காட்டுமாடு மேயும். சத்தமில்லாமல் வரும் சைக்கிள் அதை மிரளவைக்கும், அதனால் திருப்பங்களில் மணி அடித்துக்கொண்டே போக வேண்டும். காரில் மலை ஏறுவதற்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் "அப்படியே ஊட்டியையும் பார்த்துவிட்டு வரலாம்" என்பார்கள். சைக்கிளுக்கு அந்த மாதம் ஆகாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் பருவமழை அப்போதுதான் கொட்டும், மண் சரிந்து மலை ரயிலே பல நாள் நின்றுவிடும்.

செப்டம்பர் வாரத்துக்கு பாலி. விமானத்தில் மூன்று மணி நேரம்கூட இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. பாத்தூர் எரிமலையைச் சுற்றிக் கறுப்பு லாவா வழிந்து உறைந்த நிலம் இருக்கிறது. வேறு எங்கும் டயருக்கடியில் அந்த நொறுங்கும் சத்தத்தைக் கேட்டதில்லை. வழிகாட்டியோடு மட்டும் போங்கள். விழுந்தால் அந்தக் கல் தோலை உரித்துவிடும், முழங்கை முழங்காலுக்குக் கவசம் கட்டாயம். இரண்டு நாளுக்கு மேல் நான் ஓட்ட மாட்டேன்.

பனியில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. பின்லாந்தின் ரோவனியெமி போன்ற ஊர்களில் நாலு அங்குலத்துக்கும் மேல் அகலமான டயர் போட்ட மின்சைக்கிளில் அழைத்துப் போகிறார்கள். காற்றழுத்தத்தைப் பத்து பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கினால் டயர் பனிமேல் மிதக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியே கெட்டுவிடும் என்பதால் அறைக்குள் கொண்டுவந்து சூடான பிறகுதான் போட வேண்டும். அழகான அனுபவம்தான், ஒரு மணி நேரத்துக்கு. அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக என்னால் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. வேறு காரணத்துக்காக அங்கே போனால் ஏறிப் பாருங்கள்.

ஆக, அந்த இளைய ஆசிரியைக்கு என் பதில் இதுதான். இந்த நவம்பர் கடைசியில் இருவரும் நியூசிலாந்து போங்கள். ரயில் தடத்தில் மூன்று நாள், டன்ஸ்டன் ஏரியில் ஒரு நாள். பணமும் நாளும் மிஞ்சினால் ரோட்டோருவாவின் பச்சைத் தடங்கள். இறக்கம் உங்களைப் பயமுறுத்தாத இடத்தில் மோட்டாரோடு பழகிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து ஆறு மாதம் செஸ்ட்நட்டில் இறங்கிப் பழகினால் ஜூனில் டோலமைட் போகலாம், அப்போதும் புல்வெளியில் தொடங்கி. ஏற்கெனவே பல வருடம் மண்ணில் இறங்கிப் பழகிய கை என்றால் நியூசிலாந்தைத் தாண்டி நேராக ஜூனுக்கே பதிவு செய்யலாம். மோட்டாரின் முழு அருமை தெரிவது அந்த மலையில்தான். நீலகிரிக்கு மோட்டாரை நினைத்துப் போக வேண்டாம், ஊரை நினைத்துப் போங்கள். நல்ல வாடகை வண்டி அங்கே வரும் நாளில் என் முதல் பயணம் அதுவாகத்தான் இருக்கும்.

இதை அச்செடுத்து நாளை அவள் மேசையில் வைக்கப்போகிறேன். கூடவே என் பழைய ஹார்ட்டெயிலையும் கொடுக்கிறேன். அவள் உயரத்துக்கு இருக்கையை இரண்டு அங்குலம் இறக்க வேண்டும், பின் பிரேக் பட்டையை மாற்ற வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு செஸ்ட்நட் வாசலில் தம்பியும் இருப்பான்.